சராசரி வயது முப்பத்தேழுக்கு மிகாமல்

எங்கள் பகுதியில் வீடு வாங்க வருகிறவர்களுக்கு முதலில் வீட்டைக் காட்டமாட்டார்கள். ஒரு தாளைக் காட்டுவார்கள். அதற்குப் பகுதி விவரத் தாள் என்று பெயர். வழவழப்பான காகிதம், நீல மை, மேலே ஒரு அப்பா, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள் கைகோத்து நிற்கிற படம். கீழே எண்கள். வீடுகள் 412. வசிப்பவர்கள் 1,400. வீட்டுக்குச் சராசரியாக 3.4 பேர். சராசரி வயது 36.99. பட்டதாரிகள் நூற்றுக்கு எழுபத்திரண்டு. தனியாக வசிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று. இந்தக் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, 'குறைந்து வருகிறது' என்று அடிக்குறிப்பு இருக்கும்.

நாங்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வீடு வாங்கினோம். குளியலறைக் கதவு தரையில் உரசுகிறதே என்று நான் தரகரிடம் கேட்டேன். அவர் தாளைத் திருப்பி, பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் நூற்றுக்கு இருபத்தெட்டு என்று காட்டினார். நான் மண்டையை ஆட்டினேன். கதவு இன்றைக்கும் உரசுகிறது.

என் வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நான் கேட்க வேண்டாம். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க வேலை. பத்து கிராம் குறைந்தால் கடைக்காரரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன்.

பகுதியை நடத்துவது நலச் சங்கம். சங்கத்துக்குள் விவரக் குழு என்று ஒன்று. அதன் செயலாளரை எல்லோரும் புள்ளிக்காரர் என்பார்கள். எதைச் சொன்னாலும் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் சொல்வார். நாங்கள் குடிவந்த மறுநாளே கதவைத் தட்டினார். நான், மனைவி, மகள் ஆக மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவரைப்போல என் கையைப் பிடித்தார். "புள்ளி நாலு குறையுது சார். பரவாயில்லை, இன்னும் வயசு இருக்கு," என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் சங்கத்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். 'உங்கள் இல்லத்தின் 0.4 பற்றாக்குறை விரைவில் தீர வாழ்த்துகிறோம்.' பக்கத்து வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது அவர்கள் வாசலுக்கு நேரே ஒரு புதிய விளக்குக் கம்பம் நட்டார்கள். எங்கள் வாசலில் பல்பு மாற்றவே ஆறு மாதம் ஆனது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா வருகிறவரைக்கும்.

அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. எனக்கு நாற்பத்துநாலு. எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்னாலேயே எங்கோ போய்ச் சேர்ந்திருந்தார். அக்கா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலைக்குப் போனாள். முப்பத்துநாலு வருடம் படுக்கைவிரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்தாள். அந்தச் சம்பளத்தில் நான் படித்தேன். கல்யாணம் கட்டிக்கொள் என்று யாராவது சொன்னால், "இவனை ஒரு கரை சேர்த்துட்டுப் பார்க்கலாம்," என்பாள். நான் கரை சேர்ந்தபோது அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஓய்வு பெற்றபின் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாள். அந்தக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். நான்தான் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டிவந்தேன். வருகிற வழியெல்லாம் நான் பேசின பேச்சு நினைவிருக்கிறது. "இனிமே உனக்கு என்னக்கா கவலை, நம்ம வீடு," என்று குறைந்தது நாலு தடவை சொன்னேன்.

மகளுக்கு ஒன்பது வயது. அத்தை தன் அறையில்தான் படுக்க வேண்டும் என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். என் மனைவி கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிறவள், எட்டு மணிக்குக் கிளம்புகிறவள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சூடாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனாள். ஒன்பது நாள் நன்றாக இருந்தோம்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'தங்கள் இல்லத்தில் ஏற்பட்டுள்ள மாற்றத்தால் நமது பகுதியின் சராசரி வயது 36.99 இலிருந்து 37.01 ஆக உயர்ந்துள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாலையில் புள்ளிக்காரரே வந்து விளக்கினார். முப்பத்தேழுக்குக் கீழே இருந்தால் தரகர்கள் தங்கள் பட்டியலில் 'இளம் குடும்பங்களின் பகுதி' என்று போடுவார்கள். முப்பத்தேழைத் தாண்டினால் 'நிலைபெற்ற பகுதி' என்று போடுவார்கள். நிலைபெற்ற பகுதி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"மருந்துக்கடை பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்," என்றார். "அப்படிப் போட்டுட்டா வீட்டு விலை நூத்துக்குப் பதினொண்ணு புள்ளி அஞ்சு இறங்கும். உங்க வீடு மட்டும் இல்ல சார், நானூத்திப் பன்னிரண்டு வீடும்."

அக்கா அப்போது சமையலறையில் இருந்தாள். நான் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினேன். அன்றைக்கு நான் செய்த முதல் அசிங்கம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, பாத்திரச் சத்தம் கேட்கிறதே என்றுதான் சாத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புள்ளிக்காரர் கெட்டவரில்லை. வழிகளை வைத்திருந்தார். ஒன்று, அக்காவைப் பார்வையாளர் என்று போடலாம்; ஆனால் பார்வையாளருக்கு இருபத்தோரு நாள்தான். இரண்டு, நாங்கள் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளலாம். பாக்கெட்டிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தட்டிக் காட்டினார். "அக்காவும் இருக்கட்டும், ஒரு கைக்குழந்தையும் வரட்டும். முப்பத்தாறு புள்ளி ஒன்பது எட்டு. முன்னைக்கு இப்ப இன்னும் நல்லாவே வருது பாருங்க." என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். மூன்றாவது வழி உதவியாளர். வீட்டோடு தங்கி வேலை பார்க்கிறவர்களைச் சங்கம் கணக்கெடுப்பதில்லை.

"ஏன் எடுக்கறதில்லை?" என்று கேட்டேன்.

"அவங்க வீட்டுல இருக்கறவங்க சார். வசிக்கறவங்க இல்லை."

படிவத்தை என் முன்னால் வைத்தார். நான் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கதவருகில் நின்று, "நீங்களே எழுதுங்க, எனக்குக் கை வராது," என்றாள். எனக்குக் கை வந்தது. உறவு என்ற இடத்தில் 'உதவியாளர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் எழுதினேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். விலைக்காக என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அந்த வாரம் எங்கள் தெருவில் மூன்று குடும்பங்கள் வீட்டை விற்க விளம்பரம் கொடுத்திருந்தன. மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் என் தோளில் கைபோட்டு, "நீங்க நல்லவர், உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல," என்றார். அந்தச் சிரிப்பு நின்றுபோய்விடுமே என்ற கூச்சம். எனக்குப் பெயர்கூடத் தெரியாத நானூறு வீட்டுக்காரர்களின் முகம் கோணக்கூடாது என்று, பெற்றவளாட்டம் வளர்த்தவளை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றிவிட்டேன்.

நாலு நாளில் பட்டை வந்தது. சாம்பல் நிற பிளாஸ்டிக், சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி. 'உதவி 118' என்று போட்டிருந்தது. கேட்டில் காட்டுகிற பாஸ்தான் என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல உதவின்னு போட்டிருக்கேடா."

"எல்லாருக்கும் ஒரு வகை போடறாங்கக்கா. ஒரு நடைமுறை."

"உனக்கு என்ன போட்டிருக்கு?"

"எனக்குப் பட்டை இல்லை."

"இப்படி எழுதினது நீயா, அவங்களா?" என்று கேட்டாள். அவங்கதான் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பட்டையைக் குத்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலயும் பட்டை போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுல பேர் இருக்கும்," என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் என் கண் திறந்தது. திறந்தும் ஒரு பயனில்லை. காலை பதினொரு மணிக்குப் பூங்காப் பக்கம் போனால் சாம்பல் பட்டைகளின் ஊர்வலம். எல்லோருக்கும் அறுபது, எழுபது. எதிர்வீட்டு உதவி 74-க்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் ஒரே மூக்கு. மூலைவீட்டில் ஒரு தோட்டக்காரர் இருந்தார். செடிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாள் முழுக்கச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீட்டு எஜமானியைத் திட்டுவார். அந்த அம்மாள் "சரிங்க மாமா," என்றுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். இத்தனை வருடமாக இதையெல்லாம் பார்த்து, இந்தப் பகுதிக்காரர்கள் வயதான வேலைக்காரர்களை வைத்துக் காப்பாற்றுகிறார்களே, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

பட்டை போட்டவர்களுக்கு விதிகள் உண்டு. கிழக்கு வாசல் வழியாகத்தான் வர வேண்டும். பூங்கா பெஞ்சில் குழந்தையோடு இருந்தால் உட்காரலாம், தனியாக இருந்தால் நிற்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போக மேற்கு வாசல் மூன்று நிமிடம். கிழக்கு வாசல் சுற்றிப் போனால் இருபது. அக்காவின் முழங்கால் அவ்வளவு சரியில்லை. நான் வாங்கிவருகிறேன் என்று சொன்னேன். "நடந்தா நல்லதுதான்," என்றாள்.

இரண்டாம் மாதம் உதவியாளர் பயிற்சி முகாம் நடந்தது. வராதவர்களின் வீட்டு எண் பலகையில் எழுதப்படும் என்றார்கள். எண் பலகையில் வருவதா என்று நான் அக்காவை அனுப்பினேன். அங்கே இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, படுக்கைவிரிப்பை மடிப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்திருக்கிறாள். அக்கா ஒரு சான்றிதழோடு வந்தாள். 'திருப்திகரம். மூலைகளில் கவனம் தேவை.' என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவும் சிரித்தாள். "என் ஆயுசுல ஒரு லட்சம் மடிச்சிருப்பேன். ஒருத்தரும் மூலை சரியில்லைன்னு சொன்னதில்லை," என்றாள். பிறகு, போகிறபோக்கில் சொல்வதுபோல, "அங்க மேஜை மேல நம்ம வீட்டுப் படிவம் இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதாடா," என்றாள்.

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். தாகம் ஒன்றும் இல்லை.

ஆறாம் மாதம் உதவியாளர் நல அலுவலர் என்று ஒரு அம்மாள் வந்தார். எல்லா வீட்டுக்கும் போகிறாராம். உதவியாளர்கள் மரியாதையாக நடத்தப்படுகிறார்களா என்று பார்க்கிறாராம். அக்கா எங்கே சாப்பிடுகிறாள் என்று கேட்டார். எங்களோடு மேஜையில் என்றேன். புருவத்தை உயர்த்தி எழுதிக்கொண்டார். எங்கே தூங்குகிறாள் என்று கேட்டார். அதற்குள் மகள், "என் ரூம்ல, என் பெட்ல, என் பக்கத்துல," என்றாள். அவளை எப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார். "அத்தை," என்றாள் மகள். அலுவலர் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருட அனுபவத்தில் ஒரு உதவியாளரை இப்படி நடத்துகிற வீட்டை அவர் பார்த்ததே இல்லையாம்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. அந்த ஆண்டின் 'மனிதநேய இல்லம்' விருது எங்களுக்கு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி சொல்லத்தான் சொன்னாள். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள்; கேட்டால் என்ன சொல்வது? இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. சங்கத்து மண்டபத்துக்குப் போனேன். முன்வரிசைகளில் வசிப்பவர்கள். பின்வரிசைகளில் இருப்பவர்கள், சாம்பல் பட்டையோடு. அக்காவைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். மகள் பின்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். குழந்தைகளுக்கு விதி தளர்வு உண்டு என்று விட்டுவிட்டார்கள்.

தலைவர் பேசினார். அவர் எங்கள் பகுதியிலேயே பெரிய வீட்டுக்காரர், நல்ல குரல். "நண்பர்களே, வெளியில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள், உங்கள் பகுதியில் வீடுகள் ஏன் இவ்வளவு விலை போகின்றன என்று. நான் சொல்கிறேன், காரணம் குடும்பம். இங்கே நாம் விற்பது செங்கல்லை இல்லை, குடும்பத்தை. ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதில் நாம் ஒருபோதும் சமரசம் செய்துகொண்டதில்லை. யார் குடும்பம், யார் குடும்பம் இல்லை என்று தெளிவாகத் தெரிந்த பகுதி இது. இன்றைக்கு விருது பெறும் இல்லத்தைப் பாருங்கள். ஒரு சாதாரண உதவியாளரை இவர் சொந்த அக்காவைப்போல நடத்துகிறார். சொந்த அக்காவாக இருந்திருந்தால் இது பெரிய விஷயமில்லை. இல்லாதபோது நடத்துகிறாரே, அதுதான் மனிதநேயம்."

கைதட்டினார்கள். எனக்குப் பின்னால், மண்டபத்தின் கடைசியிலிருந்தும் கைதட்டல் வந்தது. எதிர்வீட்டு 74, மூலைவீட்டுத் தோட்டக்காரர் எல்லோரும் தட்டினார்கள். அதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

விருதைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்குக்கு முன்னால் நின்றேன். எனக்கு இது ஒரு வாய்ப்பு என்று தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கடைசி வரிசையில் அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நான் மேடை ஏறியபோதும் அதே மாதிரிதான் பார்ப்பாள், நான் எதையாவது மறந்துவிடுவேனோ என்று.

"எல்லாருக்கும் நன்றி," என்றேன். "அவங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி."

அந்த 'மாதிரி'யை நான் சேர்த்திருக்க வேண்டியதில்லை. அது இல்லாமலே வாக்கியம் முழுசாக இருந்தது. வாய் தானாகச் சேர்த்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அதையும் செய்யவில்லை, விருதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மறுநாள் காலையில் அக்கா மகளின் பள்ளிக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிக்கொண்டே சொன்னாள். மாணவர் விடுதி ஒன்றில் சலவைப் பிரிவுக்கு ஆள் கேட்கிறார்களாம். பழைய சினேகிதி சொன்னாளாம். தனி அறை, சாப்பாடு, சம்பளம்.

"அறுபத்துமூணு வயசுல உனக்கு வேலை எதுக்குக்கா?"

"ஏழு மாசமா வேலைதானேடா பார்க்கறேன். அங்க பட்டையில பேர் இருக்குமாம், கேட்டுட்டேன்." ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். நாலு மூலையும் கத்தி மாதிரி இருந்தது. "கடைசியா வேலை பார்த்த இடத்துலேர்ந்து ஒரு சான்று வேணுமாம்."

"ஆஸ்பத்திரியில வாங்கிக்கோ."

"அது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. கடைசி இடம் இதுதான். விடுதிக்காரங்க சங்கத்துக்கு போன் பண்ணிக் கேட்டிருக்காங்க, சங்கத்துலயும் ஆமான்னு சொல்லியிருக்காங்க. நீதான் எழுதித் தரணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, எல்லாம் ஒருவழியாகச் சரியாகியிருக்கும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, எழுதினதை மாற்றிவிட்டு வருகிறேன், நீ எங்கேயும் போக வேண்டாம் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போ. மாத்திட்டு வா," என்றாள். அந்த முகத்தில் ஏழு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன்.

சங்க அலுவலகத்தில் புள்ளிக்காரர் மட்டும் இருந்தார். உட்காரச் சொன்னார். உதவி 118 என்னுடைய அக்கா, கூடப் பிறந்த அக்கா, திருத்த வேண்டும் என்றேன். அவருக்கு அதிர்ச்சியே இல்லை.

"திருத்தலாம் சார். விதி இருக்கு," என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சராசரி முப்பத்தேழு புள்ளி பூஜ்யம் ஒன்று ஆகும். விவரத் தாளை மறுபடி அச்சடிக்க வேண்டும். அதன் அடியில், தவறான தகவல் தந்த வீட்டின் எண் வரும். விருதைத் திருப்பித் தர வேண்டும், அதற்கும் ஒரு கூட்டம் உண்டு. "ஏன் திருப்பித் தர்றீங்கன்னு அஞ்சு நிமிஷம் பேசணும். நேத்து மாதிரி ரெண்டு வரி போதாது."

சரி என்றேன். உண்மையாகவே சரி என்றேன்.

அவர் கால்குலேட்டரைக் கையில் எடுத்தார். "அப்புறம் மத்தவங்களையும் விசாரிக்க வேண்டி வரும். அறுபது தாண்டின உதவியாளர்கள் அறுபத்தோரு பேர். சராசரியா எழுபதுன்னு வச்சா, முப்பத்தெட்டு புள்ளி மூணு ஏழு." அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "உதவி 12 எங்கம்மா சார்."

அவங்க ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"முதல் ரெண்டு மாசம் என்கூடப் பேசலை. அப்புறம் பழகிடுச்சு."

"அவங்களுக்கா?"

"எனக்கு," என்றார்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். திருத்தப் படிவம் மேஜையில் என் வலது பக்கத்தில் இருந்தது. அறுபத்தோரு வீட்டுக் கதவைத் தட்டி அறுபத்தோரு பேரின் மூக்கை ஒப்பிட வேண்டும், எல்லாம் என்னால்தான் என்று ஊரே சொல்லும். இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். எத்தனையோ கடைக்காரர்கள் என் முன்னால் நின்று இதே மாதிரி இழுத்துப் பேசியிருக்கிறார்கள். ஒருத்தரையும் நான் விட்டதில்லை. அடுத்த மாதம் கணக்கெடுப்பு முடிந்தபிறகு வந்து திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். கிளம்பும்போது அவரே இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். உதவியாளர் நன்னடத்தைச் சான்று. அதற்கும் சங்கத்தில் படிவம் இருந்தது.

அங்கிருந்து வேலைக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அந்த வெளிச்சம் போய்விட்டிருந்தது. அடுத்த மாதம், அக்கா, ஒரே ஒரு மாதம் என்று ஏதோ சொன்னேன். "சரிடா, உட்காரு," என்றாள்.

மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். என் மனைவி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் எழுதத் தொடங்கினேன். எண், 118. செய்த வேலை, வீட்டு வேலைகள் அனைத்தும். நேர்மை, மிக நன்று. பொறுமை, மிக நன்று. எல்லாம் உண்மைதான். எனக்குத் தெரிந்து அந்தச் சங்கத்துக்கு நான் எழுதிக்கொடுத்த ஒரே உண்மையான தாள் அது.

'இவரை எவ்வளவு காலமாக அறிவீர்கள்?' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"ஏழு மாசம்னு போடு," என்றாள் அக்கா. சின்ன வயதில் எனக்குப் பாடம் சொல்லி எழுதவைத்த அதே நிதானம். "வேற என்ன போட்டாலும் அவங்க கணக்குக்கு ஒத்துவராது."

ஏழு மாதம் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். மருத்துவமனைத் துணிக்கணக்கு எழுதிப் பழகியவள். கடைசிவரை விரலை வைத்துத்தான் படிப்பாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இங்க உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒண்ணும் எழுதலையே?"

அந்தக் கட்டம் என் கட்டைவிரல் அகலம் இருக்கும். அக்கா என்று மூன்று எழுத்து தாராளமாக அடங்கும். நான் பேனாவை எடுத்தேன். எடுத்து, வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிறைய நேரம் கொடுத்தாள்.

"காலியா விடாதே," என்றாள் கடைசியில். "காலியா விட்டா பின்னாடி யாராவது எதையாவது எழுதிடுவாங்க. கோடு போட்டுடு."

மகளின் பையிலிருந்து அளவுகோலை எடுத்துவந்து, கோணாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கோடு போட்டேன்.